கூறைச் சேலையும் குளக்கட்டும்: வன்னியில் மணமக்களைப் படம் எடுக்கும்போது

கலியாண வீட்டுக்குள் போனதும் நான் முதலில் பார்ப்பது சுவரை. இலங்கையின் வடக்கே வன்னியில் அநேகமான வீடுகளில் பொம்பிளையின் அம்மா அப்பாவுடைய கலியாணப் படம் அங்கே இருக்காது. அல்பமும் இருக்காது. யுத்தத்தின் கடைசிக் காலத்தில், 2008இலும் 2009இலும், மன்னார்ப் பக்கமிருந்து மல்லாவி, கிளிநொச்சி, தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று இடம்பெயர்ந்து முள்ளிவாய்க்கால் வரைக்கும் போன சனம், ஒவ்வொரு இடத்திலும் கொஞ்சம் சாமானை விட்டுவிட்டுத்தான் அடுத்த இடத்துக்குப் போனது. அல்பம் பாரமான சாமான். சிலர் அதைப் பொலித்தீன் பையில் சுற்றி, கிடங்கு வெட்டித் தாட்டுவிட்டுப் போனார்கள். யுத்தம் முடிந்து இடம்பெயர்ந்த சனத்தை வைத்திருந்த மெனிக்பாம் முகாமிலிருந்து ஊர் திரும்பித் தோண்டியபோது கிடைத்தவை ஒன்றோடொன்று ஒட்டிப்போன தாள்கள். பிரித்தால் முகம் உரிந்து மற்றத் தாளோடு போனது.

ஆகவே இன்றைக்கு இங்கே கலியாணம் செய்கிற பிள்ளைகளின் படம், பல வீடுகளில் சுவரேறுகிற முதல் கலியாணப் படம். தாலி கட்டும் நேரத்துப் படத்தில் ஐயர் இருப்பார், தோழன் தோழி இருப்பார்கள், மாமாமார் எட்டிப் பார்ப்பார்கள். மணமக்கள் இரண்டு பேர் மட்டும் நிற்கிற படம் ஒன்றோ இரண்டோதான் பெரிதாக்கிக் கண்ணாடி போட்டு மாட்டப்படும். பேரப்பிள்ளைகள் பார்க்கப்போவது அதைத்தான். அந்தப் படத்துக்கு வன்னியில் என்ன தேவை, எதை எங்கே எப்போது எடுக்கலாம் என்று வேலை செய்து கற்றுக்கொண்டதை இங்கே எழுதுகிறேன். புதிதாகக் கமரா தூக்குகிற தம்பி தங்கச்சிமாருக்கும், கலியாணத்துக்கு நாள் வைத்திருப்பவர்களுக்கும் உதவும்.

முதலில் நேரம். கலியாண நாளில் மணமக்களுக்கென்று நேரம் கிடையாது. விடியப் பொம்பிளை சோடிப்பு, பிறகு முகூர்த்தம், ஆசீர்வாதம், குடும்பப் படங்கள், சாப்பாடு, கால்மாறி மற்ற வீட்டுக்குப் போவது என்று எல்லாம் மற்றவர்களின் நேரம். நடுவே ஒரு மணித்தியாலத்தை யாராவது பிடுங்கித் தந்தால்தான் உண்டு. அதை நாள் வைக்கும்போதே கேட்டுவிடுங்கள். கலியாணத்தன்று கேட்டால் பந்தியில் நிற்கிற பெரியப்பாவிடம் அனுமதி வாங்கவே பொழுது பட்டுவிடும். நான் பொம்பிளை வீட்டாரிடமும் மாப்பிள்ளை வீட்டாரிடமும் தனித்தனியாகச் சொல்லி, இரண்டு பக்கமும் பொறுப்பான ஒருவரின் தொலைபேசி இலக்கத்தை வாங்கி வைத்துக்கொள்வேன். அநேகமாக அது பொம்பிளையின் தமையன், அல்லது மாப்பிள்ளையின் மச்சான்.

இராகு காலத்தைக் கமராக்காரர் தெரிந்து வைத்திருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை இராகு காலம் பின்னேரம் 4.30 முதல் 6.00 வரை. வெளியில் படம் எடுக்க நல்ல வெளிச்சம் வருகிற நேரமும் அதுதான். புதுத் தம்பதியை அந்த நேரத்தில் படலை தாண்ட விட மாட்டார்கள்; விடச் சொல்லி வாதாடுவதும் சரியில்லை. ஞாயிற்றுக்கிழமைக் கலியாணம் என்றால் 4.15க்கே வாகனத்தில் ஏற்றிவிடுவோம். வீட்டிலிருந்து வெளிக்கிட்ட நேரம் நல்ல நேரமாக இருந்தால் பெரியவர்களுக்கு மனம் ஆறும். செவ்வாயில் பெரும்பாலும் கலியாணம் வைப்பதில்லை. திங்களில் காலை 7.30 முதல் 9.00 வரை, வெள்ளியில் 10.30 முதல் 12.00 வரை. இதுகளால் பின்னேர வேலைக்குத் தடையில்லை.

இன்னொன்று, நம்முடைய அந்தி குறுகியது. வெளிநாட்டுப் பயிற்சி வீடியோக்களில் சூரியன் விழுந்த பிறகும் நெடுநேரம் நீல வானத்தின் கீழ் நின்று எடுப்பார்கள். இங்கே தை மாதத்தில் சூரியன் 6.10 அளவில் விழும். ஆனி ஆடியில் 6.30 அளவில். அதற்குப் பிறகு இருபது நிமிடம்தான், இருட்டிவிடும். நீல வானத்தில் ஒரு படம் வேண்டுமென்றால் பிளாஷ், கமரா நிற்கும் இடம், மணமக்கள் நிற்கும் இடம் மூன்றையும் சூரியன் விழுவதற்கு முன்பே தீர்மானித்திருக்க வேண்டும்.

பின்னேரம் கிடைக்காத கலியாணங்களும் உண்டு. மாப்பிள்ளை வீடு தூரம், நாலு மணிக்கு முன் புறப்பட வேண்டும் என்பார்கள். அப்போது உச்சி வெயிலில்தான் எடுக்க வேண்டி வரும். ஏப்ரல் நடுப்பகுதியிலும் ஓகஸ்ட் கடைசியிலும் வன்னியில் மத்தியானச் சூரியன் ஏறக்குறைய தலைக்கு நேர் மேலே நிற்கும். கண்குழி இரண்டும் கறுப்பாகும், மூக்கின் நிழல் உதட்டில் விழும். வெட்டையில் நிற்க வைக்காதீர்கள். விறாந்தைக்குக் கூட்டிப் போங்கள். கூரை நிழலின் விளிம்பிலிருந்து ஓரடி உள்ளே, முகம் முற்றத்தைப் பார்க்க நிறுத்தினால், முற்றத்து மணலில் பட்டுத் திரும்புகிற வெளிச்சம் கீழிருந்து முகத்தை நிரப்பும். வெள்ளை மணல் முற்றமென்றால் ரிஃப்ளெக்டர் தேவையில்லை. செம்மண் முற்றமென்றால் முகம் சிவக்கும். வெள்ளை வேட்டி ஒன்றை நிலத்தில் விரித்துவிடுங்கள், அல்லது கடையில் வெள்ளை ரெஜிபோம் (தெர்மோகோல்) மட்டை ஒன்று வாங்கி வைத்திருங்கள், பெரிய செலவில்லை.

வடக்குப் பார்த்த வாசலில் எப்போதும் மென்மையான வெளிச்சம் என்று புத்தகங்களில் இருக்கும். அது குளிர் நாடுகளுக்குப் பொருந்தும். நாங்கள் இருப்பது வடக்கே ஒன்பது பாகையில். வைகாசி, ஆனி, ஆடி மாதங்களில் மத்தியானச் சூரியன் தலைக்கு வடக்காகவே போகிறது. அந்த மாதங்களில் தெற்கு வாசல்தான் நிழல். தையில் திரும்பவும் வடக்கு வாசல். முதல் நாள் பொன்னுருக்கு, கன்னிக்கால் என்ற முன்சடங்குகளுக்குப் போகும்போது எந்த வாசல் எந்தப் பக்கம் என்று பார்த்து வையுங்கள்.

பந்தலின் கீழே சோடிப் படம் எடுப்பதை நான் தவிர்க்கிறேன். நீலத் துணி கட்டிய பந்தலில் முகம் நீலம், றோஸ் துணி என்றால் கழுத்து றோஸ். வெள்ளைச் சமநிலையைச் சரி செய்தாலும் ஒரு பக்கம் சரியாக மறுபக்கம் பிழைக்கும், ஏனென்றால் பந்தலுக்கு வெளியே பகல் வெளிச்சம், வீடியோக்காரரின் விளக்கு வேறு. இதற்கு மருந்து இடத்தை மாற்றுவதுதான்.

இனிக் கமராவின் கணக்கு. எங்கள் மாப்பிள்ளைமார் கறுப்பு, மாநிறம். உடுப்பு பால் வெள்ளை வேட்டியும் தலைப்பாவும். கமராவின் வெளிச்ச அளவி தான் காண்பதையெல்லாம் நடுத்தரச் சாம்பலாகக் கணக்குப் பார்க்கும். வேட்டி படத்தை நிரப்பினால் இது மிகப் பிரகாசம் என்று எண்ணி எல்லாவற்றையும் இருட்டாக்கும், முகம் மங்கிப்போகும். அதனால் கமராவில் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் வெளிச்ச ஈட்டை முக்கால் முதல் ஒரு படி வரை கூட்டி, வேட்டியின் மடிப்பும் தலைப்பாவின் சரிகையும் வெளிறிப் போகாமல் இருக்கிறதா என்று, இருட்டை இடதிலும் பிரகாசத்தை வலதிலும் காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடத்தில் பார்ப்பேன். மன்னார்ப் பக்கத்துத் தேவாலயக் கலியாணங்களில் பொம்பிளைதான் வெள்ளை, மாப்பிள்ளை கறுப்புக் கோட். அங்கே சிக்கல் தலைகீழ்.

கூறைச் சேலையின் சிவப்பு இதைவிடப் பொல்லாதது. மொத்த ஹிஸ்டோகிராம் சரியாகக் காட்டும். சிவப்பை மட்டும் பிரித்துப் பார்த்தால் வலது சுவரில் மோதியிருக்கும். அப்படிப் போனால் பட்டின் நெசவும் மடிப்பும் அழிந்து ஒரே சிவப்புத் திட்டாகிவிடும், பிறகு கணினியில் மீட்க முடியாது. பின்னேர வெயிலில் இது இன்னும் மோசம், ஏனென்றால் வெயிலே சிவப்பு. மூன்று நிறத்தையும் பிரித்துக் காட்டும் ஹிஸ்டோகிராமைக் கமராவில் போட்டு வையுங்கள். படங்களை ரோ (RAW) வடிவில், கமரா பதிந்த மூலக் கோப்பாகவே எடுங்கள். பொம்பிளையின் நாடியடியில் சேலையின் சிவப்புத் தெறிக்கும். அது அழகு, விட்டுவிடலாம். பச்சை வயலுக்குள் நின்றால் தெறிக்கும் பச்சை மட்டும் முகத்தை நோயாளி முகம்போல ஆக்கும். மார்கழிப் பயிருக்குள் எடுப்பதென்றால் வயலுக்குள் இறக்காமல் வரம்பில் நிறுத்தி, காலடியில் வெள்ளைத் துணியைப் போட்டால் பாதி குறையும்.

லென்ஸ் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 85 மில்லிமீற்றர் ஒன்று முகத்துக்கு, 35 ஒன்று இடத்துக்கு. இரண்டு பேரை எடுக்கும்போது லென்ஸின் துளையை எப் 1.8 வரை பெரிதாகத் திறந்து வைக்காதீர்கள். ஒருவரின் கண் கூர்மையாக, மற்றவரின் கண் கரைந்திருக்கும். பார்ப்பவருக்குக் காரணம் தெரியாது, ஆனால் ஒருவர் பின்தள்ளப்பட்டதுபோல் இருக்கும். எப் 2.8, முடிந்தால் 4. இரண்டு முகத்தையும் கமராவிலிருந்து ஒரே தூரத்தில் வையுங்கள்.

இடங்கள். கிளிநொச்சிப் பக்கத்தில் எல்லாரும் கேட்பது இரணைமடு. கனகராயன் ஆற்றை மறித்துக் கட்டிய குளம். கட்டு குளத்தின் வடக்கு முனையில் இருக்கிறது. கட்டில் நின்று தண்ணீரைப் பார்த்தால் நாம் பார்ப்பது தெற்கு. தையில் சூரியன் மேற்கிலிருந்து தெற்காக ஒதுங்கி விழுவதால், மணமக்களுக்குப் பின்னால் தண்ணீர்ப் பக்கத்திலிருந்தே வெளிச்சம் வரும். தலைமுடியும் மல்லிகையும் விளிம்பில் பொன்னாக எரியும். ஆனியில் அதே கட்டில் சூரியன் வடக்காக ஒதுங்கி, நமக்குப் பின்னாலிருந்து அவர்களின் முகத்தில் அடிக்கும். ஒரே இடம், இரண்டு விதமான படம். முகநூலில் பார்த்த படத்தைக் காட்டி இப்படி வேண்டும் என்று கேட்கிற மணமக்களுக்கு, அது எந்த மாதத்துப் படம் என்பதைச் சொல்லி விளங்கப்படுத்துவேன்.

மாரியில் குளம் நிறைந்து வான் பாயும்போது பார்க்க அழகுதான். ஆனால் வான் கதவுக்குக் கீழே, பாசி பிடித்த சீமெந்தில் கூறைச் சேலையோடு யாரையும் இறக்காதீர்கள். தண்ணீர் குறைந்த ஆவணியில் குளத்தின் உள்வெட்டை திறந்து கிடக்கும். பட்டமரங்களும் மாடுகளும் வெடித்த சேறும் தெரியும். எனக்கு அந்தக் காலம் பிடிக்கும். முத்தையன்கட்டுக் குளமும் வவுனிக்குளமும் அப்போது வேறு குளங்கள்போலத் தெரியும். முதலை இருக்கிற குளங்கள் என்பதையும் மறக்க வேண்டாம், தண்ணீர் விளிம்பில் உட்காரச் சொல்லாதீர்கள். தண்ணீரில் நிழல் விழுகிற படம் வேண்டுமென்றால் விடியக் காலைதான். வெயில் ஏற ஏறக் காற்று எழும்பித் தண்ணீரைக் கலைத்துவிடும். தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்றுக் காலத்தில் பின்னேரத்தில் அதை நினைக்கவே வேண்டாம். அந்தக் காற்றைச் சேலைத் தலைப்புக்குப் பயன்படுத்துங்கள். பொம்பிளையைக் காற்றுக்கு முகம் கொடுத்து நிறுத்தினால் முடி பின்னால் போகும், தலைப்பு தானாகப் பறக்கும். யாரும் தூக்கி எறியத் தேவையில்லை.

முல்லைத்தீவுக் கடற்கரையில் சூரியன் கடலில் விழுகிற படம் கேட்பவர்கள் உண்டு. முல்லைத்தீவின் கடல் கிழக்கில். சூரியன் அங்கே கடலிலிருந்து எழும்பும், தரைக்குப் பின்னால் விழும். கடலில் விழ வேண்டுமென்றால் மேற்குக் கரைக்கு, விடத்தல்தீவுப் பக்கமோ பூநகரிப் பக்கமோ போக வேண்டும். முல்லைத்தீவில் பின்னேரம் வேறொரு நன்மை இருக்கிறது. சூரியன் தரைப்பக்கம் இறங்கியதும் கடலும் வானமும் மெல்லிய ஊதாவாகும், முகத்தில் கடும் நிழலே இருக்காது. சவுக்கு மரங்களுக்கு முன்னால் அந்தப் பத்து நிமிடத்தில் எடுத்த படங்கள் எனக்கு மிகவும் விருப்பமானவை.

நந்திக்கடலில், வட்டுவாகல் பாலத்தில், மேற்கே தண்ணீருக்கு மேல் சூரியன் விழும். படமாகப் பார்த்தால் அதைவிட நல்ல இடம் அந்தச் சுற்றுவட்டாரத்தில் இல்லை. அங்கே நான் மணமக்களைக் கொண்டுபோய் நிறுத்துவதில்லை. யுத்தம் முடிந்த 2009 மே மாதம் அந்தப் பாலத்தால் நடந்து வந்தவர்கள்தான் அந்தக் கலியாண வீட்டில் பந்தி பரிமாறிக்கொண்டிருப்பார்கள். மணமக்களே கேட்டால், அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாருங்கோ என்பேன். கேட்டுவிட்டு வந்த ஒருவரும் திரும்ப அதைப் பற்றிக் கதைத்ததில்லை.

பாதுகாப்பையும் சொல்லிவிடுகிறேன். மண்டையோடு போட்ட சிவப்புப் பலகையோ மஞ்சள் நாடாவோ கண்டால் அதற்கப்பால் ஒரு அடியும் வேண்டாம், அங்கே எவ்வளவு அழகான பனங்கூடல் இருந்தாலும் சரி. முகமாலைப் பக்கத்திலும் முல்லைத்தீவுக் காடுகளின் ஓரத்திலும் கண்ணிவெடி அகற்றும் வேலை இத்தனை வருடத்துக்குப் பிறகும் நடந்ததற்குக் காரணம் இருக்கிறது. பலகை இல்லாத இடத்திலும் ஊர்ச்சனம் நடக்கிற பாதையை விட்டு விலகாதீர்கள். விறகு வெட்டுகிற ஐயா ஒருவரைக் கேட்டால் சரியாகச் சொல்வார். ஒட்டுசுட்டான், நெடுங்கேணிக் காட்டு வழிகளில் பொழுதுபட்டால் யானை வரும், இருட்டுமுன் வெளிக்கிடுங்கள். ட்ரோன் பறக்கவிடச் சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபையின் அனுமதி வேண்டும். படைமுகாம்கள் அருகே அதை வெளியே எடுக்கவே வேண்டாம்.

சரி, இடமும் வெளிச்சமும் சரி வந்தாலும் இரண்டு பேர் மரக்கட்டைபோல் நின்றால் படமில்லை. இங்கே பெரும்பாலானவை பேசிச் செய்கிற கலியாணங்கள். மாப்பிள்ளை சுவிசிலோ கனடாவிலோ இருப்பார், மூன்று கிழமை லீவில் வந்திருப்பார். அதுவரைக்கும் வட்ஸ்அப்பில் கதைத்திருப்பார்கள். பக்கத்தில் நின்று தோள் முட்டுவதே அன்றைக்குத்தான் முதல் தடவை. அப்படிப்பட்டவர்களைக் கட்டிப் பிடியுங்கோ, நெற்றியை முட்டுங்கோ என்றால் இரண்டு பேரின் தோளும் காது வரைக்கும் ஏறும். அதுவும் வாகனத்தில் கூட வந்த பெரியம்மா, தம்பிமார், ஊர்ச் சின்னப் பெடியள் எல்லாரும் நின்று பார்க்கும்போது.

கூட வந்தவர்களுக்கு முதலில் ஒவ்வொரு வேலை கொடுப்பேன். பெரியம்மாவுக்கு நகைப்பெட்டிக் காவல், ஒரு தம்பிக்குப் பிளாஷ் பிடிக்கிற வேலை, இன்னொருவருக்குப் பாதையில் வருகிற உழவு மிசின்களைப் பார்த்துச் சொல்கிற வேலை. எல்லாரும் இருபது முப்பது அடி தள்ளிப் போய்விடுவார்கள், யாரையும் விரட்டியதாகவும் இருக்காது. 85 லென்ஸோடு நானும் தள்ளி நின்றுகொள்வேன். பிறகு மணமக்களுக்கும் ஒரு வேலை.

விசுவமடுப் பக்கத்துக் கலியாணம் ஒன்று நினைவுக்கு வருகிறது. வாய்க்கால் கரை, மருத மர நிழல். பொம்பிளை காலையிலிருந்து சிரிக்கவேயில்லை, முகம் இறுகியிருந்தது. மாப்பிள்ளை என்ன செய்வதென்று தெரியாமல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். “தம்பி, தங்கச்சியின்ரை பூமாலை ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு நிக்குது, ஒருக்காப் பாருங்கோ” என்றேன். அவர் கொண்டைக்குக் கிட்டப் போய், மல்லிகைச் சரத்தைத் தூக்கிப் பார்த்தார். கொண்டை ஊசி ஒன்று தலையில் குத்திக்கொண்டிருந்தது.

“நோகுதா?”

“காலமையிலிருந்து நோகுது.”

“அப்ப ஏன் சொல்லேல்லை?”

“ஆரிட்டைச் சொல்லுறது?”

அவர் ஊசியைக் கழற்றித் தன்னுடைய சட்டைப் பைக்குள் போட்டார். அவள் கண்ணை மூடி, மூச்சை விட்டு, தலையை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டாள். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்புக்கு ஒரு கணம் முந்தி, அவருடைய கை அவளின் காதுக்குப் பின்னால் இருக்கும்போது எடுத்த படத்தைத்தான் அவர்கள் பெரிதாக்கினார்கள். தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்த பெரியம்மாவுக்கும் அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஊசி கழற்றினார், அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு நான் எல்லாரிடமும் இந்த மாதிரியான வேலைகளைத்தான் கேட்கிறேன். வாய்க்காலைத் தாண்ட வையுங்கோ, சேலை நனையக் கூடாது. தலைப்பாவை நீங்களே கழற்றிக் குடுங்கோ பிள்ளை, நெற்றியிலை அச்சு இருக்கோ பாருங்கோ. முதல் தரம் போன் எடுத்தது ஆர், எடுத்தவர் என்ன சொன்னவர்? கையும் கண்ணும் தங்களுக்குரிய இடத்தைத் தாங்களே கண்டுபிடிக்கும். என்னைப் பார்க்க வேண்டாம் என்பதை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்வேன். எடுத்த முதல் நல்ல படத்தைக் கமராத் திரையில் காட்டிவிடுங்கள். தாங்கள் அழகாக இருக்கிறோம் என்று கண்ட பிறகு தோள் இறங்கும்.

இனி நான் மிகவும் கவனமாகச் செய்கிற படம். பொம்பிளைக்கோ மாப்பிள்ளைக்கோ தகப்பன் இல்லாத கலியாணங்கள் இங்கே அதிகம். தகப்பனின் படத்தோடு ஒன்று எடுக்க வேண்டும் என்று கேட்பார்கள். அந்தப் படம் பெரும்பாலும் தேசிய அடையாள அட்டையிலிருந்து பெரிதாக்கியது. இருந்த ஒரே படம் அது என்பார்கள். கண்ணாடிச் சட்டத்தில் வானம் பளிச்சென்று தெறித்து, தகப்பனின் முகம் மறைந்துபோகும். சட்டத்தின் மேல் விளிம்பை இரண்டு விரல் அளவு முன்னுக்குச் சாய்த்துப் பிடிக்கச் சொல்லுங்கள். அப்போது கண்ணாடியில் வானத்துக்குப் பதிலாக நிலம் விழும், முகம் தெளியும். விறாந்தைக்குள் பிளாஷை நேரே அடிக்காமல் பக்கத்திலிருந்து அடியுங்கள். முடிந்தால் கண்ணாடியைக் கழற்றியே எடுங்கள். எப் 5.6, 8 என்று வைத்தால் மணமக்களின் முகமும் அந்த முகமும் சேர்ந்து கூர்மையாக வரும். தகப்பனின் படத்தை மங்கலாக விட்டு மணமக்களை மட்டும் கூர்மையாக்குகிற பாணி ஒன்று இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. அவர் கலியாணத்துக்கு வந்தவர்.

படத்துக்கு மாலை போடவோ விளக்கேற்றவோ நீங்களாகச் சொல்லக் கூடாது. காணாமல் ஆக்கப்பட்டவர்களின் வீடுகளில் அந்தப் படத்துக்கு மாலையும் இல்லை, பொட்டும் இல்லை. கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலுக்கு முன்னால் 2017 பெப்ரவரி 20இல் போராட்டம் தொடங்கி இருந்த அம்மாமாரைப்போல, அவர் எங்கேயோ இருக்கிறார் என்றே அந்த வீட்டுக்காரர் காத்திருக்கிறார்கள். சோடனைக்கு நல்லாயிருக்கும் என்று கமராக்காரர் ஒரு மாலையை எடுத்து நீட்டினால் அந்தத் தாய்க்கு அதைவிடக் கொடுமை இல்லை. “இந்தப் படத்தை எப்பிடி வைப்பம் அம்மா?” என்று கேளுங்கள், அவர் சொல்கிறபடி செய்யுங்கள்.

கணவனை இழந்த தாய்மார் மங்கல காரியங்களில் பின்னுக்கு ஒதுங்கி நிற்பார்கள். ஒருவரும் போகச் சொல்லாவிட்டாலும் குசினிப் பக்கம் போய்விடுவார்கள். முகூர்த்தப் படங்களை முழுக்கப் பார்த்தால் பிள்ளையை வளர்த்தெடுத்த அந்த மனுசி ஒன்றிலும் இருக்க மாட்டார். நான் மணமக்களை வெளியே கூட்டிப் போவதற்கு முன் குசினி வாசலுக்குப் போய் அவரைக் கூப்பிடுவேன். “வேண்டாம் தம்பி, சீலை அழுக்கு” என்பார். கையைத் துடைத்துவிட்டு அப்படியே வந்து நடுவில் இருக்கட்டும். புகையும் வியர்வையுமாக இருந்தால் என்ன? சடங்குகளை மாற்ற நமக்கு உரிமையில்லை. படத்துக்குள் யார் வரலாம் என்பதில் நமக்கு ஒரு சொல் இருக்கிறது.

கடற்கரை, குளக்கட்டு எல்லாம் வேண்டாம், வீட்டுக்கு முன்னால் எடுத்தால் போதும் என்று கேட்ட பொம்பிளையும் உண்டு. இந்திய வீட்டுத்திட்டத்தில் கட்டிய வீடு. 550,000 ரூபா பகுதி பகுதியாகக் கிடைக்க, மிச்சத்துக்குக் கடன்பட்டு, தாயும் மகளும் கல் சுமந்து கட்டியது. முன்பக்கம் பூசியிருந்தது, பக்கச் சுவர் பூசவில்லை. பூசாத சுவருக்கு முன்னால்தான் நிற்க வேண்டும் என்றாள் அவள். பின்னேரம் நாலரைக்கு வெயில் அந்தச் சுவரைச் சாய்வாகத் தடவியபோது ஒவ்வொரு கல்லின் விளிம்பும் சாந்தின் வழிசலும் தெரிந்தன, அதற்கு முன்னால் கூறையின் சிவப்பு. 35 லென்ஸில், எப் 8இல், சுவரையும் சேர்த்துக் கூர்மையாக எடுத்தேன். பின்னணியைக் கரைத்துவிடுவதுதான் அழகு என்று நினைக்கிற தம்பிமார் இதை ஒருமுறை செய்து பார்க்க வேண்டும். சில வீடுகளில் பின்னணிக்குத்தான் சொல்ல நிறைய இருக்கிறது.

இரவு ஆகிவிட்டால் உழவு மிசினின் முன்விளக்கு நல்ல துணை. மணமக்களுக்குப் பின்னால் முப்பது அடியில் அதை நிறுத்தி, விளக்கு நேரே கமராவில் படாமல் மாப்பிள்ளையின் உடம்பால் மறைத்து, ஒரு பெடியனைக் கொஞ்சம் கிரவல் தூசியைக் கிளப்பச் சொன்னால் இரண்டு பேரைச் சுற்றியும் பொன் விளிம்பு வரும். அந்த விளக்கு மஞ்சள் ஆனதால் முன்னால் அடிக்கிற பிளாஷுக்குச் செம்மஞ்சள் கண்ணாடித்தாள் கட்டுங்கள், இல்லையென்றால் முகம் நீலமாகத் தனித்து நிற்கும். சேலை விளிம்புக்குக் கீழே பழைய சாரம் ஒன்றை விரித்து, எடுக்கும் கணத்தில் இழுத்துவிடுங்கள். கூறை விலை கூடியது, பத்திரமாக வைத்துக் கட்ட வேண்டிய சீலை.

கணினியில் செய்கிற வேலையில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். தோலை வெளுக்காதீர்கள். “கொஞ்சம் வெள்ளையாக்கிப் போடுங்கோ” என்று கேட்பார்கள், அதுவும் மாப்பிள்ளையின் தமக்கைமார். வெளிச்சத்தைச் சரியாக எடுத்திருந்தால் கறுப்புத் தோல் தானாக மின்னும்; கன்னத்தின் மேட்டில் விழுகிற ஒளி வெள்ளைத் தோலில் அப்படி வராது. அப்படி எடுத்த ஒன்றை அச்சிட்டுக் கையில் கொடுத்தால் அநேகமானோர் பிறகு வெளுக்கக் கேட்பதில்லை. தழும்பு இருந்தால் அழிப்பதற்கு முன் கேளுங்கள். பரு என்றால் அழிக்கலாம். செல் துண்டு பட்ட தழும்பு என்றால் அவர்கள்தான் முடிவு செய்ய வேண்டும். இருக்கட்டும் என்று சொன்னவர்கள் இருக்கிறார்கள்.

கடைசியாகப் படத்தைப் பாதுகாப்பது. அச்சிட்ட படத்தை மேற்கு வெயில் படும் சுவரில் மாட்டக் கூடாது, சில வருடத்தில் வெளிறிவிடும். கண்ணாடியில் படம் ஒட்டாமல் நடுவில் மட்டை வைத்துச் சட்டம் போடச் சொல்லுங்கள். மாரி ஈரத்தில் ஒட்டினால் பூஞ்சணம் பிடிக்கும். சட்டத்தின் பின்பக்கத்தைக் கறையானுக்காக வருடத்துக்கு ஒருமுறையாவது கழற்றிப் பாருங்கள். கோப்புகளை எடுக்கும்போதே இரண்டு மெமரி காட்களில் பதிகிற கமராவாக இருந்தால் நல்லது. கொடுக்கும்போது நான் மூன்று பிரதி கொடுக்கிறேன். ஒன்று பொம்பிளை வீட்டுக்கு, ஒன்று மாப்பிள்ளை வீட்டுக்கு. மூன்றாவதை வெளிநாட்டில் இருக்கிற சித்தப்பாவோ மாமாவோ யாராவது ஒருவரிடம் அனுப்பி வைக்கச் சொல்வேன். ஏன் என்று இங்கே இதுவரை ஒருவரும் என்னைக் கேட்டதில்லை. பெயரையும் விலாசத்தையும் அப்போதே எழுதித் தந்துவிடுகிறார்கள்.